இருபது நாள் ஒழுங்காகத் தூங்கியும் கருவளையம் போகவில்லை

3 மார்ச் 2023

கருவளையத்துக்குத் தூக்கமின்மைதான் காரணம் என்று இனி யார் சொன்னாலும் ஒப்புக்கொள்வதாக இல்லை. தை முகூர்த்த வேலை முடிந்ததும் கணக்கு வைத்து இருபது நாள் தூங்கினேன். இரவு பத்துக்குப் படுத்தால் காலை ஆறுக்குத்தான் எழுந்தேன். உடம்பு அசதி போனது. கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பு இம்மி அசையவில்லை.

வயது 41. மதுரை. வீட்டிலேயே ஆரி ஒர்க் செய்கிறேன், பெரும்பாலும் கல்யாண பிளவுஸ். கருப்பு பத்து வருடமாக இருக்கிறது. இப்போது அதோடு கண்ணோரத்தில் கோடுகளும். சிரித்தால் மூன்று விழுகிறது, சிரித்து முடித்த பிறகும் ஒன்று அப்படியே நிற்கிறது. அம்மாவுக்கும் கண்ணைச் சுற்றிக் கருப்புதான், அதனால் பரம்பரை என்று நினைக்கிறேன். உருளைக்கிழங்குச் சாறு, வெள்ளரிக்காய், பாதாம் எண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாம் ஒவ்வொன்றும் இரண்டு மாதமாவது பார்த்தாயிற்று. கடந்த ஒரு வருடமாகப் பார்லரில் கொடுத்த க்ரீம். போட்டால் வெளுக்கிறது, நாலு நாள் விட்டால் முன்பைவிடக் கருக்கிறது.

பரம்பரையாக வந்தது போகுமா? யாருக்காவது குறைந்திருந்தால் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

3 மார்ச், இரவு

விட்டுப்போனவை: கண்ணாடி போடுவதில்லை. டீ நாளைக்கு நாலு. சர்க்கரை, தைராய்டு இரண்டும் போன வருடம் பார்த்தது, இல்லை. கண் மை வைப்பேன், ராத்திரி கழுவிவிடுவேன்.

5 மார்ச்

எலுமிச்சைச் சாற்றில் தேன் கலந்து தடவச் சொன்ன தம்பிக்கு. நல்லதற்குத்தான் சொன்னீர்கள், ஆனால் தயவுசெய்து அதை இன்னொருவருக்குச் சொல்லாதீர்கள். கல்லூரிக் காலத்தில் முகப்பருத் தழும்புக்கு நான் எலுமிச்சைத் தோலை வைத்துக் கன்னத்தில் தேய்த்திருக்கிறேன். கழுவாமல் மொட்டை மாடிக்குப் போய் வத்தல் காயப் போட்டேன், அரை மணி நேரம் இருக்கும். இரண்டாம் நாள் தேய்த்த இடம் மட்டும் சிவந்து கொப்புளம் போட்டது. அது ஆறின பிறகு விரல் இழுத்த தடம் மாதிரியே கருப்புக் கோடு. போக நாலு மாதம் ஆனது. எலுமிச்சையில், அதிலும் தோலில் இருக்கும் ஒரு பொருள் வெயில் பட்டதும் தோலைச் சுடும். அது கன்னம். கண்ணுக்குக் கீழே இருக்கும் தோல் உடம்பிலேயே மெல்லியது, இமையில் அரை மில்லிமீட்டர் அளவுதான்.

வெள்ளரி, உருளை பற்றி: சில்லென்று வைத்தால் வீக்கம் கொஞ்ச நேரம் வடிகிறது, அது உண்மை. ஃபிரிட்ஜில் வைத்த ஈரத்துணியும் அதே வேலையைச் செய்கிறது. நிறத்தை இரண்டும் தொடவில்லை.

11 மார்ச்

காரைக்குடி அக்கா ஒருவர் எழுதிய சோதனையைச் செய்து பார்த்தேன். இதுவரை இங்கே வந்த பதில்களில் உருப்படியானது இதுதான், விரிவாக எழுதுகிறேன்.

பாத்ரூம் கண்ணாடியில் பார்க்கக் கூடாது. மேலிருந்து விழும் வெளிச்சம் யாருக்கும் கண்ணுக்குக் கீழே நிழல் போடும். நான் காலை ஏழரைக்குக் கிழக்கு ஜன்னலுக்கு நேராக நின்றேன், கையில் சின்னக் கண்ணாடி. ஒரு விரலால் கீழ்த் தோலை மெதுவாகக் கன்னத்துப் பக்கம் இழுக்க வேண்டும். பழுப்பு நிறம் தோலோடு சேர்ந்து நகர்ந்தால், அது தோலிலேயே ஊறிய நிறம். இழுத்ததும் நீலமோ ஊதாவோ முன்பைவிடப் பளிச்சென்று தெரிந்தால், மெல்லிய தோலுக்கு அடியில் ஓடும் ரத்தக்குழாய் தெரிகிறது என்று அர்த்தம். முகத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினதும் கருப்பு மறைந்துபோனால் அது வெறும் நிழல். கண்ணுக்கும் கன்னத்துக்கும் நடுவில் பள்ளம் விழுந்திருக்கும், இல்லையென்றால் மேலே பை தொங்கும்.

எனக்குப் பழுப்பு. தோலோடுதான் நகர்ந்தது.

பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டு ஜன்னலில் நிறுத்திப் பார்த்தேன். அவருக்கு முகத்தைத் தூக்கினதும் கருப்பே இல்லை, வெறும் பள்ளம். மூன்று வருடமாக நிறம் மாற்றும் க்ரீம் வாங்கியிருக்கிறார். நிழலை எந்த க்ரீம் வெளுக்கும்? அவர் முகம் வாடியதைப் பார்த்து எனக்கே கஷ்டமாகப் போனது. இந்தச் சோதனையை ஏன் எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

19 மார்ச்

திருத்தம். எனக்குப் பழுப்பு மட்டும் இல்லை. மூக்கை ஒட்டின உள்மூலையில் இழுத்தால் நீலம் தெரிகிறது. அன்று கண்ணுக்கு நேர் கீழேதான் பார்த்தேன். பலருக்கும் இரண்டு மூன்று வகை கலந்துதான் இருக்குமாம்.

கழுத்தும் சேர்ந்து கருத்திருக்கிறதா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. ஆனால் அது முக்கியமான கேள்வி. பின்கழுத்து, அக்குள் கருத்துத் தடித்து, கண்ணைச் சுற்றியும் கருப்பு வந்தால் அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கக் கூடாது. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம். முதலில் சர்க்கரை பார்க்க வேண்டும்.

2 ஏப்ரல்

தோல் டாக்டரிடம் போய்வந்தேன். உட்கார்ந்து ஐந்து நிமிடம் நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவர் குறுக்கே எதுவும் கேட்கவில்லை. முடித்ததும், "இதுவரைக்கும் மூணு தடவை கண்ணைக் கசக்கிட்டீங்கம்மா, தெரியுமா?" என்றார். தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

கீழ் இமைக்கு அடியில் எனக்கு இரட்டை மடிப்பு மாதிரி கோடு இருக்கிறது. அலர்ஜி உள்ளவர்களுக்குப் பரவலாக இருப்பதாம். காலையில் அடுக்குத் தும்மல் வருமா, சின்ன வயதில் மூக்கு அரிக்குமா என்று கேட்டார். இரண்டும் உண்டு. அரிக்கிறது, கசக்குகிறேன், கசக்கக் கசக்கத் தோல் தன்னைக் காத்துக்கொள்ள நிறத்தைக் கூட்டிக்கொள்கிறது. நம் மாநிறத் தோல் எந்த உரசலுக்கும் கருத்துத்தான் பதில் சொல்லும். கொசு கடித்த இடம், வளையல் உரசிய இடம், மூக்குக் கண்ணாடி பதிந்த இடம் எல்லாம் அப்படித்தானே கருக்கிறது. அலர்ஜியில் மூக்கு அடைத்தால் கண்ணுக்குக் கீழே இருக்கும் ரத்தக்குழாயிலும் ரத்தம் தேங்கும், உள்மூலை நீலத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்றார்.

அப்புறம் பார்லர் டப்பாவை எடுத்துக் காட்டினேன். பேர் ஒட்டாத வெள்ளை டப்பா. அவர் முகம் மாறிவிட்டது. "எந்த ட்யூப்ல இருந்து எடுத்தாங்கன்னு கேட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் கண் பக்கம் வேண்டாம்" என்றார்.

3 ஏப்ரல்

கேட்டேன். பார்லரில் முதலில் சொல்ல மறுத்தார்கள், பிறகு ட்யூபைக் காட்டினார்கள். ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.025, மோமெட்டசோன் 0.1. முதலாவது நிறத்தைக் குறைப்பது, இரண்டாவது தோலை உரிப்பது, மூன்றாவது ஸ்டீராய்டு. இந்த மாதிரி மூன்றைச் சேர்ப்பதற்கு ஆரம்பம் 1975-ல் க்ளிக்மன், வில்லிஸ் என்ற இரண்டு அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் கொடுத்த சூத்திரம். மங்கு மாதிரி நோய்க்கு, டாக்டர் கண்காணிப்பில், சில வாரம் மட்டும் போட வேண்டியது. நான் ஒரு வருடம் போட்டிருக்கிறேன், அதுவும் இமைக்குப் பக்கத்தில்.

போட்டதும் வெளுத்ததும், விட்டதும் கருத்ததும் இதனால்தான். நாள்பட்டால் தோல் இன்னும் மெலிந்துபோகும், ரத்தக்குழாய் வெளியே தெரியும், முகம் வெயிலில் எரியும். இதற்கு ‘ஸ்டீராய்டால் கெட்ட முகம்’ என்று இந்தியத் தோல் மருத்துவர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள் என்றால் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று பாருங்கள். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. எனக்கு வந்த ட்யூபுக்குச் சீட்டு யார் எழுதினார்கள்?

எனக்குப் பெரிய பயம் வேறு. கண்ணைச் சுற்றித் தடவும் ஸ்டீராய்டு கண்ணுக்குள்ளும் போகும், கண் அழுத்தத்தைக் கூட்டும், கண்புரையைக் கொண்டுவரும். குடும்பத்தில் யாருக்காவது கண் அழுத்த நோய் இருந்தால் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். அம்மாவுக்கு க்ளாக்கோமா, ஏழு வருடமாகச் சொட்டு மருந்து.

பேரில்லாத டப்பாவில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வாங்கி வைத்திருப்பவர்கள், இன்றைக்கே என்ன ட்யூப் என்று கேளுங்கள்.

6 ஏப்ரல்

கண் அழுத்தம் பார்த்தாயிற்று. 10 முதல் 21 வரை இயல்பு. எனக்கு வலது 23, இடது 22. நரம்பு பாதிக்கவில்லை. க்ரீமை விட்டு இரண்டு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

20 ஏப்ரல்

விட்டாயிற்று. கண்ணைச் சுற்றிச் சிவந்து, எரிந்து, செதில் செதிலாக உரிகிறது. இப்படி ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். இரவில் அது, பகலில் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர். வேறு எதுவும் வேண்டாமாம். பார்ப்பவர்கள் எல்லாம் ‘அழுதீங்களா’ என்று கேட்கிறார்கள். சித்திரைத் திருவிழா நெருங்கும் நேரம், வெளியே போகாமல் இருக்கவும் முடியவில்லை.

6 மே

சிவப்பு அடங்கியது. இந்த மாதம் முழுக்கக் கசக்காமல் இருப்பதுதான் வேலை.

பகலில் எப்போது கை போகிறது என்று குறித்து வைத்தேன். காலையில் எழுந்ததும். பிறகு பட்டுத் துணியைப் பிரேமில் இழுத்துக் கட்டும்போது. ஜரி நூல் வெட்டும்போது. ஜர்தோசி என்ற சுருள் கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கும்போது பொடி பறக்கும், அந்தக் கையோடு கண்ணைத் தொடுவேன், அதுதான் அதிகம். ஆரி ஊசி பிடிக்கும் கை ஓடிக்கொண்டே இருக்கும், துணிக்கு அடியில் நூல் கொடுக்கும் இடது கைதான் மேலே வந்து கசக்கும். என் இடது கண் ஏன் கூடுதல் கருப்பு என்று இப்போது புரிகிறது.

செய்தது: நறுக்குவதைத் தட்டில் ஈரத்துணி விரித்து அதன் மேல் செய்கிறேன். தலையணை உறையை வாரம் ஒரு முறை வெந்நீரில் போடுகிறேன். ஃபேன் இறக்கையைத் துடைத்தேன், அதைப் பற்றி எழுதவே வேண்டாம். அரிப்பு வந்தால் ஃபிரிட்ஜ் துணியை இரண்டு நிமிடம் மூடிய கண் மேல் வைக்கிறேன். அலர்ஜிக்குக் கண் டாக்டர் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். கசக்குவது கருப்போடு நிற்பதில்லை, கருவிழியே மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு வருவதற்கும் அது காரணமாகலாம் என்று அவர் சொன்னது வயிற்றைக் கலக்கியது. உங்கள் வீட்டில் எப்போதும் கண்ணைக் கசக்கும் பிள்ளை இருந்தால், ‘கையை எடு’ என்று அதட்டிவிட்டு விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

28 மே

என் அண்ணிக்கு நடந்தது. கருவளையத்துக்குக் கண் க்ரீம் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். போன ஞாயிறு தலைக்கு டை அடித்தார். செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு கண்ணும் திறக்க முடியாத வீக்கம். யோசித்துப் பார்த்தால் ஒவ்வொரு மாதமும் டை அடித்த மறுநாளோ அதற்கு மறுநாளோ இமை அரித்திருக்கிறது. கருப்பு டையில் இருக்கும் பிபிடி என்ற வேதிப்பொருள் மண்டையில் போட்டாலும் இமையில்தான் முதலில் காட்டும், அங்கேதான் தோல் மெல்லியது. நகப்பூச்சும் அப்படித்தான், விரலில் இருப்பது இமையில் அரிக்கும். சீக்கிரம் சிவக்க வேண்டும் என்று விற்கும் கருப்பு மருதாணிக் கூம்பிலும் இதே பிபிடி வருகிறது. கல்யாண வீடுகளில் கை முழுக்கப் போடுகிறார்கள், எனக்குப் பார்க்கவே பதறுகிறது. வீட்டு மரத்து இலையைப் பறித்து அரைத்தால் ஆரஞ்சாகத்தான் பிடிக்கும், அந்த நிறமே எனக்குப் போதும்.

அண்ணி டையை நிறுத்திவிட்டார். க்ரீமையும்.

17 ஜூன்

கண் அழுத்தம் 16, 16. சாப்பாடு இறங்கியது.

15 ஜூலை

இனி கோடுகள். முதல் பதிவில் எழுதிய அந்த நிற்கும் ஒன்று.

ஜர்தோசிக்குச் சாதா ஊசி. நூல் கோர்ப்பதற்கு ஊசியைத் தூரத் தள்ளி, கண்ணை இடுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று தடவை குத்துவேன். ஒரு வருடமாக இப்படி. கண் மங்கலாகிறது என்று தோன்றவே இல்லை, ஊசியின் காது சின்னதாக வருகிறது என்றுதான் நினைத்தேன். அழுத்தம் பார்க்கப் போன இடத்தில் சேர்த்து எழுத்துப் பலகையும் காட்டினார்கள். வெள்ளெழுத்து, பிளஸ் 1. நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வருவதுதான்.

கண்ணாடி வந்து ஒரு மாதம் ஆகிறது. முதல் நாள் பிரேமைப் பார்த்தபோது பட்டு இழைகள் தனித்தனியாகத் தெரிந்தன. இடுக்குவது நின்றது. ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை இடுக்கியிருப்பேன் என்று நினைத்துப் பாருங்கள். கண்ணைச் சுற்றி வளையமாக ஒரு தசை இருக்கிறது, அது சுருங்கும்போதெல்லாம் தோல் ஒரே இடத்தில் மடிகிறது. வேட்டியை ஒரே மடிப்பில் வருடக்கணக்காக மடித்து வைத்தால் அந்த இடம் பிரிந்துவிடாதா, அந்த மாதிரி.

வறட்சியால் வரும் மெல்லிய கோடுகள் வேறு. அவை மாய்ஸ்சரைசர் போட்ட சில நாளிலேயே பாதி மறைந்துவிட்டன.

வயசுக் கோடு என்று இருக்கும் மற்றவற்றுக்கு டாக்டர் ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை க்ரீம்) பற்றிச் சொன்னார். எனக்கு இன்னும் தோல் தேறவில்லை, டிசம்பர் வரை பொறுக்கச் சொன்னார்.

2 செப்டம்பர்

சன்ஸ்கிரீன் போட்டால் கண் எரிகிறது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் எரிந்தது, வழியும் வியர்வையோடு கண்ணுக்குள் போய்விடும். துத்தநாக ஆக்சைடு போட்ட வகைக்கு மாறினேன், எரியவில்லை. வெள்ளை பூத்தது. அதனால் லேசான மண் நிறம் சேர்த்ததை வாங்கினேன். அந்த நிறம் இரும்பு ஆக்சைடு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நம் நிறத் தோலைக் கருக்க வைக்கும், அதைத் தடுப்பது இதுதான் என்று தோல் டாக்டர் சொன்னார். எஸ்பிஎஃப் 30 போதும், தோலைச் சுடும் புற ஊதாக் கதிரில் 97 சதவீதத்தைப் பிடித்துவிடும், ஆனால் தாராளமாகப் போட வேண்டும்.

வீட்டுக்குள்ளேயே இருக்கிறேன், எதற்கு என்று நானும்தான் கேட்டேன். வேலைக்கு வெளிச்சம் வேண்டும் என்று ஜன்னலை இடப்பக்கம் வைத்து உட்காருகிறேன், பத்து மணி முதல் மூன்று வரை. ஜன்னல் கண்ணாடி தோலைச் சுடும் கதிரைத் தடுக்கும், ஆழமாகப் போய்ச் சுருக்கம் உண்டாக்கும் ஏ வகைப் புற ஊதாக் கதிரை விட்டுவிடும். 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படத்தை 2012-ல் மருத்துவ இதழ் ஒன்று போட்டது. ஜன்னல் பக்கம் இருந்த இடது முகம் மட்டும் தோல் தடித்து, மடிந்து, தொங்கி, வேறொருவர் முகம் மாதிரி இருக்கும். அதைப் பார்த்ததும் எழுந்துபோய் ஜன்னலுக்கு வெள்ளை மல் துணித் திரை தைத்துப் போட்டேன்.

மே 6-ல் இடது கண் கருப்புக்கு இடது கைதான் காரணம் என்று எழுதினேன். பாதிதான் சரி. ஜன்னலும் அந்தப் பக்கம்தான்.

18 அக்டோபர்

ஒரு தங்கை, பார்லர் க்ரீமில் ஸ்டீராய்டு இல்லை, கலப்பில்லாத ஃபேர்னஸ் க்ரீம்தான், வெளிநாட்டுச் சரக்கு என்று எழுதியிருக்கிறார். தங்கச்சி, டப்பாவில் தயாரித்தவர் முகவரி இருக்கிறதா பார். மலப்புரம் பகுதியில் இந்த வருடம் சிறுநீரகக் கோளாறோடு வந்தவர்களை விசாரித்ததில் ஃபேர்னஸ் க்ரீமில் இருந்த பாதரசம்தான் காரணம் என்று டாக்டர்கள் கண்டார்கள். பலர் க்ரீமை நிறுத்தியதும் தேறினார்கள். கால் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே.

14 நவம்பர்

இந்தப் பதிவை எழுத இரண்டு நாள் தயங்கினேன். முதல் நாளே ‘அம்மாவுக்கும் அப்படித்தான், பரம்பரை’ என்று எழுதியிருந்தேன் அல்லவா. தப்பு.

தீபாவளி விடிகாலை அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். மனையில் உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றி வாங்கி, தலையை என் பக்கம் சாய்த்துக்கொண்டேன். அவ்வளவு பக்கத்தில் அம்மா முகத்தைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று. வலது கண்ணில் இமைமுடி சிறுபிள்ளைக்கு இருப்பதுபோல் நீளமாக, கருகருவென்று வளைந்து நின்றது. இடது கண்ணில் வயசானவர்களுக்கு இருப்பது மாதிரி நாலு முடி. கருப்பும் வலது கண்ணைச் சுற்றித்தான் அடர்த்தி, மேல் இமையிலும் சேர்த்து. கண்ணும் அந்தப் பக்கம் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. அம்மா சொட்டு மருந்து போடுவது வலது கண்ணுக்கு மட்டும்.

குளித்து முடித்ததும் மருந்துப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். பைமாட்டோபிராஸ்ட். தம்பி கல்யாண ஆல்பம் 2011-ல் எடுத்தது, அதையும் எடுத்தேன். அதில் அம்மாவுக்குக் கருவளையமே இல்லை. சொட்டு ஆரம்பித்தது 2016.

நேற்று கண் டாக்டரிடம் கேட்டேன். ஆமாம், இந்தக் குடும்பத்து மருந்துகளில் இப்படி வரும் என்றார். இமைத் தோல் கருக்கும், முடி நீளும், கண்ணைத் தாங்கும் கொழுப்பு குறைந்து பள்ளம் விழும். இதே மருந்தை இமைமுடி வளர்க்கவே 2008-ல் அமெரிக்காவில் அனுமதித்திருக்கிறார்கள். ஏழு வருடமாக வாரத்தில் மூன்று நாள் பார்க்கிறேன், பரம்பரைக் கருப்பு என்று முடிவுகட்டி, அம்மா முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

பெரிய எழுத்தில் எழுத வேண்டியது: இதைப் படித்துவிட்டு யாரும் சொட்டு மருந்தை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் போவது பார்வை, போன பார்வை திரும்பாது. அம்மாவுக்கு அழுத்தம் நன்றாகக் கட்டுப்பட்டிருக்கிறது, அதனால் மருந்தை மாற்றவில்லை. போட்டவுடன் இமையை மூடி, வழிந்ததை ஈரத்துணியால் ஒற்றி எடுக்கச் சொன்னார். அம்மா அவரிடம், “கருப்பு கெடக்குது சாமி, பேத்தி மொகம் தெரியுதுல்ல” என்றார்.

15 நவம்பர்

அப்படியானால் எனக்குப் பரம்பரை இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது, ஆனால் அப்பா வழியில். அதே ஆல்பத்தில் அப்பாவும் இரண்டு அத்தைகளும் வரிசையாக நிற்கிறார்கள். மூன்று பேருக்கும் கண்ணைச் சுற்றி ஒரே பழுப்பு. இவ்வளவு நாள் அம்மா பக்கமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

21 ஜனவரி 2024

ரெட்டினால் ஆரம்பித்து ஒரு மாதம். வாரம் இரண்டு இரவு, இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு பச்சைப்பயறு அளவு, எலும்பு தட்டுப்படும் விளிம்பில் மட்டும், இமையில் கிடையாது. முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் இது. மூன்று மாதத்துக்கு முன்னால் வித்தியாசம் தேடக் கூடாது. கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் தொடவே வேண்டாம்.

கண் பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசி போடலாமா என்று பக்கத்து வீட்டு அக்கா (மார்ச் 11-ல் எழுதினேனே, அவர்) கேட்கிறார். பள்ளத்தால் விழும் நிழலுக்கு அது வேலை செய்யும், உண்மைதான். ஊசியில் போவது ஹயலுரானிக் அமிலம், பிடிக்கவில்லை என்றால் கரைக்கவும் மருந்து உண்டு. ஆனால் மேலாகப் போட்டால் நீலமாகத் தெரியும். அபூர்வமாக ரத்தக்குழாயை அடைத்துப் பார்வையே போன சம்பவங்கள் இருக்கின்றன. போடுவதானால் தகுதியான டாக்டரிடம் மட்டும், பார்லரில் கண்டிப்பாகக் கிடையாது என்று சொல்லியிருக்கிறேன். அக்கா யோசிக்கிறார். முடிவு அவருடையது.

கல்லூரித் தங்கைக்கு: வெளிறிய முகம், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மாதவிலக்கு எட்டு நாள் என்கிறாய். கண் க்ரீமுக்கு முன்னால் ஹீமோகுளோபின் பார். 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முகம் வெளிறினால் கண்ணுக்குக் கீழே இருக்கும் நீலம் இன்னும் தூக்கலாகத் தெரியும். உனக்கு க்ரீம் வேண்டாம், இரும்புச்சத்து வேண்டியிருக்கலாம்.

9 மார்ச்

ஒரு வருடம். அதே கிழக்கு ஜன்னல், அதே ஏழரை மணி, போன மார்ச்சில் எடுத்த போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

பழுப்பு குறைந்திருக்கிறது, ஓரம் கலைந்து கன்னத்தோடு சேர்ந்துவிட்டது. வலது பக்கம் நன்றாக, இடது பக்கம் கொஞ்சம். அத்தைமார் கொடுத்தது மிச்சம் இருக்கிறது, அது இருக்கும். உள்மூலை நீலம் அப்படியே. சிரிக்கும் மூன்று கோடு இருக்கிறது, நிற்கும் அந்த ஒன்று வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் தெரிகிறது. செலவைக் கூட்டினால் பார்லருக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. அதில் பெரிய செலவு வெள்ளெழுத்துக் கண்ணாடிதான்.

முதல் பதிவில் தூக்கத்தைப் பற்றி எழுதியதையும் திருத்திவிடுகிறேன். மாசி முகூர்த்தத்துக்கு இரண்டு இரவு கண் விழித்தேன், மறுநாள் உள்மூலை நீலம் கூடுதலாகவே தெரிந்தது. தூக்கத்துக்குப் பங்கு இருக்கிறது. பழுப்பில் இல்லை, நீலத்தில்.

10 மார்ச்

விருதுநகர் தம்பிக்கு, அவசரமாக. உங்கள் அப்பாவுக்கும் ஒரு கண் மட்டும் கருத்து முடி நீண்டிருக்கிறது, என் பதிவைப் படித்துவிட்டு நேற்றிரவு சொட்டு போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று இரவு போட்டுவிடுங்கள். பாட்டிலில் இருக்கும் மருந்தின் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு நாளைக் காலை அவருடைய கண் டாக்டரிடமே போய்க் கேளுங்கள். விட்டுப்போன ஒரு வேளையையும் மறைக்காமல் சொல்லுங்கள்.